குவான்ஜோவில் ஒரு மொழிபெயர்ப்பு

புறப்பட நான்கே நாள் இருக்கும்போது மஹதியிடமிருந்து அந்தப் போன் வந்தது. ரூஹி கட்டில்மேல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, சீனத்து வெயிலுக்கு எத்தனை பருத்திச் சட்டை தேவைப்படும் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ரூஹி, அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார்டி. இடுப்புல அடி. அண்ணா வந்து பெங்களூருக்கே கூட்டிண்டு போயிட்டான். அங்கதான் ஆபரேஷன். நானும் இப்போ டிரெய்ன்லதான் இருக்கேன்."

ரூஹி அப்படியே பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மஹதியின் அப்பா வேதாந்தத்தை அவளுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து தெரியும். ரூஹியின் அத்தா காலமான அன்று, கச்சேரி ரோட்டுச் சந்துக்குள் வந்து, வாசலில் மூன்று மணி நேரம் நின்றுகொண்டே இருந்தவர் அவர்.

"டிக்கெட்டை கேன்சல் பண்ணிடலாம். நான் பெங்களூர் வரேன்."

"வேண்டாம்!" மஹதி சட்டென்று சொன்னாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "நீ போயிட்டு வாடி. இத்தனை வருஷம் காத்துண்டிருந்துட்டு ரெண்டு பேருமே போகலேன்னா எப்படி? நீ பார்த்தா நான் பார்த்த மாதிரி."

ரூஹி அன்று அழுதாள். எவ்வளவு பெரிய மனசு இவளுக்கு என்றுதான் அழுதாள்.

இருபத்து நான்கு வருடத்துக் கதை அது. மயிலாப்பூரில் பள்ளிக்கூட நூலகத்தில், மழைக்காக விளையாட்டு வகுப்பு ரத்தான ஒரு பிற்பகலில், அட்டை கிழிந்த பழைய மாத இதழ் ஒன்றை இரண்டு பேரும் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு தூணின் புகைப்படம். உரலோடு கட்டப்பட்ட குட்டிக் கண்ணன் இரண்டு மரங்களுக்கு நடுவே அதை இழுத்துக்கொண்டு போகிறான். இந்தக் கதையைத் தெப்பக்குளத்துத் தெருக்களில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் படத்துக்குக் கீழே இருந்த வரி இருவரையும் வாயடைக்க வைத்தது. சீனாவின் குவான்ஜோ நகரில், தமிழ் வணிகர்கள் எழுநூறு வருடத்துக்கு முன்பு எழுப்பிய கோயில் ஒன்று இடிந்துபோய், அதன் கற்கள் அங்குள்ள பழமையான பௌத்தக் கோயிலில் வைத்துக் கட்டப்பட்டிருக்கின்றன என்று அந்த வரி சொன்னது.

"ஒரு நாள் போகணும்டி," என்றாள் மஹதி.

"ரெண்டு பேரும்," என்றாள் ரூஹி.

பதினாலு வயதில் யார்தான் இப்படிப் பேசிக்கொள்வதில்லை? ஆனால் இவர்கள் அதை விடவில்லை. மஹதி வளர்ந்து, சனி ஞாயிறுகளில் குளத்தைச் சுற்றி ஆட்களை அழைத்துப்போய்ப் பழைய வீடுகளையும் கோபுரங்களையும் காட்டிக் கதை சொல்பவளானாள். பேச்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவளை இணையத்தில் பின்தொடர்ந்தவர்கள் எண்பதாயிரம் பேர். ரூஹி அடையாறில் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள். பேச்சு குறைவு, கை நிதானம். உலகத்தில் எந்த மூலையில் அந்தத் தூணின் புகைப்படம் கிடைத்தாலும் அதைச் சேர்த்து, அளவு கணக்கிட்டு, தூணின் ஒவ்வொரு பட்டையையும் காகிதத்தில் வரைந்து வைத்திருந்தாள். மஹதியின் நிகழ்ச்சிகளில் திரையில் ஓடியதெல்லாம் ரூஹி போட்ட படங்கள்தான்.

சீன மொழியும் ரூஹிதான் படித்தாள். மலேசியாவின் ஈப்போவில் பிறந்து கே.கே. நகருக்கு வாழ்க்கைப்பட்ட ஒரு சீன அம்மாள் தன் வீட்டு மாடியில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். வாரத்தில் மூன்று மாலை, மூன்று வருடம், அடையாறிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் வந்தாள். முதல் வாரம் மஹதியும் வந்தாள். "எனக்கு நாக்கு வளையலைடி. நீ படி. அங்க போனா நான் பேசறேன், நீ மொழிபெயர்" என்று சிரித்துக்கொண்டே நின்றுவிட்டாள். ரூஹிக்கு அந்த ஏற்பாடு நியாயமாகவே பட்டது.

"தனியாவா போறே?" என்றார் ரூஹியைப் பெற்ற அம்மி அஸ்மத்துன்னிசா, பெட்டியை மூடும்போது. "மஹதி இருக்கான்னுதானேம்மா சரின்னேன்?"

"அவ அப்பா விழுந்து கெடக்கறார் அம்மி. அவ எப்டி வருவா?"

அம்மி பெங்களூர் இருக்கும் திசையைப் பார்த்து, கையேந்தி துஆ செய்தார். அந்த துஆவை ரூஹி பிறகு பலமுறை நினைத்துக்கொண்டாள்.

கோலாலம்பூரில் இறங்கி ஏறி, சியாமென் போய், அங்கிருந்து ரயிலில் குவான்ஜோ. ஜூலை மாதம். சென்னையில் பிறந்து வளர்ந்தவளுக்கு வெயில் புதிதில்லை என்று நினைத்துக்கொண்டு போனாள். அங்கே வெயில் வேறு மாதிரி இருந்தது. ஈரத்துணியைச் சூடாக்கி முகத்தில் போர்த்தியது போல. முன்பின் தெரியாத ஊரில், விடுதிக்காரரிடம் அவள் பேசிய முதல் சீன வாக்கியத்துக்கு அவர் மறுபேச்சு பேசாமல் சாவியை எடுத்துக் கொடுத்தபோது, தெருவில் நின்று கத்த வேண்டும் போல் இருந்தது. யாரிடம் சொல்வது? மஹதிக்குத் தட்டினாள்: "என் சீனம் இவங்களுக்குப் புரியுதுடி!" பதிலாக ஒரு இதயப் பொம்மை வந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கோயிலுக்குப் போனாள்.

ஆயிரத்து முந்நூறு வருடத்துக் கோயில். உள்ளே நுழைந்ததும் பெரிய முற்றம், இரண்டு பக்கமும் விழுது விட்ட கிழட்டு ஆலமரங்கள். சிள்வண்டுகள் காது அடைக்கக் கத்தின. கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு கல் கோபுரங்கள், ஐந்து நிலை ஒவ்வொன்றும். ஊர்க்காரப் பெண்கள் கூந்தலைக் கொண்டையிட்டு, அதைச் சுற்றி வட்டவட்டமாகப் பூச்சரம் வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாட வீதியில் பூக்கடை வாசலில் நிற்பது போல ஒரு கணம் தோன்றியது. ஊதுபத்திப் புகை வெயிலில் மேலே போக மனமில்லாமல் தாழ்ந்தே நின்றது.

தூண்கள் பிரதான மண்டபத்தின் பின்புறத் தாழ்வாரத்தில் இருந்தன என்பது அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். ஆனால் நேரே போகவில்லை. இருபத்து நான்கு வருடம் காத்திருந்ததை ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ள மனம் வரவில்லை. முற்றத்தை ஒருமுறை சுற்றினாள். மண்டபத்தின் பக்கவாட்டு நிழலில், சிவப்பு அரைக்கை அங்கி போட்ட ஒரு பெண்மணி, பெரிய எவர்சில்வர் டிரம்மிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் மூலிகைத் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கோயிலின் தொண்டர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ரூஹிக்கும் ஒரு தம்ளர் கொடுத்தார்.

ரூஹி சீனத்தில் நன்றி சொன்னதும் அவர் புருவம் உயர்ந்தது. "எந்த ஊர் நீங்கள்?"

"இந்தியா. சென்னை என்று ஒரு ஊர்."

"சென்னையா!" அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. இரண்டு கைகளையும் குவித்து, "வன்னக்கம்!" என்றார்.

ரூஹிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யார் சொல்லிக்கொடுத்தார்கள்?"

"உங்கள் ஊர்க்காரிதான். ஏப்ரலில் வந்தாள். கேமராவெல்லாம் கொண்டுவந்தார்கள், நான்கைந்து பேர். நீலப் பட்டில் இப்படிச் சுற்றிக் கட்டியிருந்தாள், எவ்வளவு அழகு! தூணுக்கு முன்னால் இரண்டு நாள் படம் பிடித்தார்கள். நான்தான் அவளுக்குக் குடை பிடித்தேன்."

லின் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட அந்த அம்மாள் கைப்பேசியை எடுத்துத் தள்ளித் தள்ளித் தேடினார். யாரோ சென்னைக்காரி, டெலிவிஷன்காரர்களாக இருக்கும் என்று ரூஹி நினைத்தாள். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

திரையில் மஹதி நின்றாள்.

ரூஹி முதலில் சேலையைத்தான் அடையாளம் கண்டாள். தி. நகரில் போன தீபாவளிக்கு இருவரும் போய் எடுத்த சேலை. இரண்டு நீலத்தில் எது என்று மஹதி தடுமாறியபோது, ரூஹி கைவைத்துக் காட்டிய நீலம்.

"நான் எடுத்த வீடியோ இது," என்றார் லின் பெருமையாக. "அவள் கேமராவைப் பார்த்து என்ன பேசினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உங்களுக்குப் புரியுமே, சொல்லுங்களேன்."

வீடியோ ஓடியது. மஹதி தூணில் லேசாகச் சாய்ந்தபடி, வீட்டுக் கூடத்தில் பேசுவது போலப் பேசினாள்.

"பதினாலு வயசுல, ஸ்கூல் லைப்ரரியில, ஒரு மழை நாள்ல நான் தனியா உக்காந்துண்டிருந்தேன். ஒரு பழைய பத்திரிகையில இந்தக் கண்ணனைப் பார்த்தேன். அன்னிலேர்ந்து இவன் என்னைக் கூப்பிட்டுண்டே இருக்கான். இவனைப் பார்க்கணும்கறதுக்காகவே மூணு வருஷம் சீன பாஷை படிச்சேன். தனியாத்தான் வந்திருக்கேன். இவனும் நானும், அவ்வளவுதான்."

அவள் கையில் ஒரு படம் இருந்தது. ரூஹி வரைந்த தூண். கீழ் மூலையில் ரூஹி தன் பெயரின் முதல் எழுத்தைப் போடுவது வழக்கம். அந்த இடத்தில் மஹதியின் கட்டைவிரல் இருந்தது.

"என்ன சொல்கிறாள்?" லின் ஆவலாகக் கேட்டார்.

"சின்ன வயதில் இந்தத் தூணின் படத்தைப் பார்த்தாளாம்," என்றாள் ரூஹி சீனத்தில். தன் குரல் வேறு எங்கிருந்தோ வருவது போல் இருந்தது. "அன்றிலிருந்து வர ஆசையாம். இதற்காக மூன்று வருடம் சீன மொழி படித்தாளாம்."

லின் வாய்விட்டுச் சிரித்தார். "அவளா! நன்றி என்ற சொல்லைக்கூட நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் கூட வந்த வழிகாட்டியைத்தான் கூப்பிட்டாள். நீங்கள் சரியாகக் கேட்டீர்களா?"

"சரியாகத்தான் கேட்டேன்."

"இன்னொருமுறை போடட்டுமா?"

"போடுங்கள்."

இரண்டாவது முறை அவள் கட்டைவிரலை மட்டும் பார்த்தாள். வேண்டுமென்றே வைத்ததா, தற்செயலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்றாவது முறை கேட்க லின் விடவில்லை. அவள் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்துவிட்டார். வெயில் தாக்கிவிட்டது என்று எண்ணி, கையைப் பிடித்து வாசலுக்கு எதிரே இருந்த ஒரு சின்னக் கடைக்கு அழைத்துப் போய் உட்காரவைத்தார். கிண்ணத்தில் தெளிந்த கூழ் போல ஏதோ வந்தது, தேனும் ஐஸும் போட்டு.

ஒரு கரண்டி வாயில் வைத்ததும் ரூஹிக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. கடல்பாசி. நோன்பு மாதத்தில் அம்மி தட்டு தட்டாக ஊற்றிக் கட்டம் கட்டமாக வெட்டி வைப்பாரே, அதே. ஒவ்வொரு வருடமும் நோன்பு திறக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து, பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்வரை தானும் தொடாமல் காத்திருந்து, முதல் துண்டை எடுப்பவள் மஹதி. இந்த வருடமும் வந்தாள். மார்ச் மாதம். அப்போதே ஏப்ரலுக்கு அவளுக்கு டிக்கெட் போட்டாகியிருக்கும். அம்மியின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, "அடுத்த மாசம் கும்பகோணத்துல பத்து நாள் ஷூட்டிங். அப்பாவும் கூட வரார், ஆத்தைப் பூட்டிண்டுதான் போறோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ரூஹி கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். லின் முதுகைத் தடவிக்கொடுத்தார். வெயில்தான், வெயில்தான் என்றார்.

அன்று அவள் தூணிடம் போனாள். தாழ்வாரத்தில், படம் பிடிக்கிறவர்களுக்கு மட்டும் விலக்கிவிடும் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றாள். பச்சை படர்ந்த கருங்கல், பதினாறு பட்டை, வட்டத்துக்குள் வட்டமாகச் சிற்பங்கள். எல்லாம் இருந்தன. ஆனால் அவள் கண்ணுக்கு மஹதி சாய்ந்து நின்ற இடம் மட்டுமே தெரிந்தது. இரண்டு நிமிடம்கூட நிற்க முடியவில்லை.

சாயங்காலம் விடுதியில் படுத்திருந்தபோது கைப்பேசியில் மஹதியின் செய்தி வந்தது. "பாத்தியா? எப்படி இருந்தது? எனக்காக ஒரு நிமிஷம் நின்னியாடி?"

அந்தக் கடைசி வரியை ரூஹி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவோ தட்டினாள், எவ்வளவோ அழித்தாள். கடைசியில் "பாத்தேன்" என்று மட்டும் அனுப்பிவிட்டு விளக்கை அணைத்தாள்.

மறுநாள் ஊரைச் சுற்றினாள், எதுவும் மனதில் பதியவில்லை. அதற்கடுத்த நாள், கோயில் திறந்ததும் போய் நின்றாள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு, பார்க்காமல் திரும்பினால் அதையும் சேர்த்து அல்லவா மஹதி எடுத்துக்கொண்டது போல் ஆகும்? வைராக்கியமாகத்தான் நின்றாள். பையிலிருந்து தன் படத்தை எடுத்து ஒவ்வொரு பட்டையாக ஒப்பிட்டாள். உரலின் விளிம்பைச் சற்றுப் பெரிதாக வரைந்திருந்தது தெரிந்தது. புகைப்படத்தின் நிழல் ஏமாற்றியிருக்கிறது. பென்சிலால் திருத்தினாள். சரியாகத் திருத்தியதில் ஒரு சின்ன நிம்மதி வந்தது. சந்தோஷம் வரவில்லை. அதற்காக எவ்வளவு காத்திருந்தும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை மீனம்பாக்கத்தில் இறங்கினாள். "இன்னாக்கா, இவ்ளோ தூரம் போய்ட்டு இத்தினிகாண்டு பொட்டிதானா?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். அவள் பதில் சொல்லாததால் கச்சேரி ரோடு வரும்வரை அவர் வாய் திறக்கவில்லை. அம்மி முதல் கேள்வியாகவே, "மஹதி அப்பா எப்டி கீறாரு? போன் பண்ணியா?" என்றுதான் கேட்டார்.

"நாளைக்குப் பாத்துட்டு வரேன் அம்மி."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வடக்கு மாட வீதியை ஒட்டிய அந்த இரண்டாம் மாடிப் படியேறினாள். அழைப்பு மணியை அழுத்தினாள். கதவைத் திறந்தவர் வேதாந்தம். கையில் பத்திரிகை, இடுப்பில் எட்டு முழ வேட்டி, நெற்றியில் ஈரம் காயாத ஸ்ரீசூர்ணம்.

"அடடே, ரூஹியா! வா வா. எத்தனை நாளாச்சு! மஹதி குளத்தாண்ட கூட்டத்தை அழைச்சுண்டு போயிருக்கா, இதோ வந்துடுவா. உக்காரு."

அவர் விடுவிடுவென்று நடந்துபோய் மின்விசிறியைத் தட்டிவிட்டு வந்தார். ரூஹி அவர் இடுப்பைப் பார்த்தாள்.

"உடம்பு எப்டி இருக்கு மாமா?"

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்." உட்கார்ந்தவர் குரலைத் தாழ்த்தினார். "உனக்கு நேர்லயே தேங்க்ஸ் சொல்லணும்னு இருந்தேன்மா. ஏப்ரல்ல இவ சீனாவுக்குப் போறேன்னதும் நான் ஒத்துக்கவே இல்லை. பாஷை தெரியாத ஊர்ல தனியா எப்படின்னேன். 'ரூஹி கூட வராப்பா, அவதான் பேசப்போறா'ன்னா. உன் பேரைச் சொன்னப்புறம்தான் சரின்னேன். சாப்பாட்டுக்கெல்லாம் என்ன பண்ணினேள் ரெண்டு பேரும்?"

குவான்ஜோவில் வீடியோவைப் பார்த்தபோதுகூட ரூஹிக்கு இவ்வளவு வலிக்கவில்லை. படத்திலிருந்து அவளை நீக்கியவள், அப்பாவிடம் அவள் பேரைச் சொல்லித்தான் அனுமதி வாங்கியிருக்கிறாள்.

"நான் போகலை மாமா," என்றாள் மெதுவாக. "ஏப்ரல்ல நான் அடையாறு ஆபீஸ்லதான் இருந்தேன். அவ கும்பகோணம் போறதாச் சொன்னா. நான் போனது இப்போ, போன வாரம். தனியாப் போனேன்."

"போன வாரமா?"

"அவளும் வரதாத்தான் இருந்தது. நீங்க வழுக்கி விழுந்துட்டீங்க, பெங்களூர்ல ஆபரேஷன்னு சொல்லி வரலை."

வேதாந்தம் பத்திரிகையை மடித்தார். மறுபடி மடித்தார். அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

மஹதி கழுத்தில் ஒலிபெருக்கியோடு உள்ளே வந்தாள். ரூஹியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். ஒரு நொடியில் எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒலிபெருக்கியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"எப்போ வந்தே?"

"நேத்து. லின்னு ஒரு அம்மா உன்னை விசாரிச்சாங்க. குடை புடிச்சாங்களாமே உனக்கு."

மஹதி சுவரோரம் நின்றாள். "உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்டி. தினமும் நெனைப்பேன்."

"எதைச் சொல்லணும்னு இருந்தே? மூணு வருஷம் சீனம் படிச்சதையா?"

"அது ஸ்க்ரிப்ட். அவா எழுதிக் குடுத்தது."

"யாரு?"

"அந்தச் சானல்காரா. பிப்ரவரில நாம டிக்கெட் போட்டப்புறம்தான் கூப்பிட்டா. பக்தி ப்ரோக்ராம் அது, கண்ணன் எங்கெல்லாம் இருக்கான்னு. மொதல் மீட்டிங்லயே உன் பேரைச் சொன்னேன். சத்தியமா சொன்னேன். என் ஃப்ரெண்டு ரூஹி, அவதான் வரைஞ்சா, அவளுக்குத்தான் பாஷை தெரியும்னு. அவா ஒண்ணும் சொல்லலை. அடுத்த மீட்டிங்ல, 'ஃப்ரெண்டு வேண்டாம் மேடம், ஒரே ஆளா இருந்தா கதை நன்னா இருக்கும்'னா. நான் புரிஞ்சுண்டேன்."

"என்ன புரிஞ்சுக்கிட்டே?"

மஹதி அப்பாவை ஒருமுறை பார்த்தாள்.

"சொல்லு. என்ன புரிஞ்சுக்கிட்டே?"

"உனக்கே தெரியும் ரூஹி."

"எனக்குத் தெரியாது. அவங்க வாயால சொல்லலைன்னு நீயே சொல்றே. நீதானே புரிஞ்சுக்கிட்டே? என் பேர்ல என்ன இருக்குன்னு நீ உன் வாயால சொல்லு. மாமா முன்னாடி சொல்லு."

வேதாந்தம் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். மஹதியின் கண்ணில் நீர் முட்டியது. "நான் அப்படி இல்லேன்னு உனக்குத் தெரியாதாடி? நான் சண்டை போட்டிருந்தா அந்த வாய்ப்பே போயிருக்கும். பதினஞ்சு வருஷமா வெயில்ல கத்திண்டு திரியறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பெருசா ஒண்ணு வந்தது. உன்கூட அங்க வந்தா என்னை அடையாளம் கண்டுப்பாளேன்னுதான் உன்னைத் தனியா அனுப்பி வெச்சேன். நீயும் பாத்துடணும்னு நெனைச்சேன். அது பொய்யில்லை."

"என்னை அனுப்பி வெச்சியா?" ரூஹி எழுந்தாள். "ஏப்ரலுக்கு முன்னாடி வந்து, 'ரூஹி, இப்டி ஒண்ணு வந்திருக்கு, உன்னைச் சேத்துக்க மாட்டேங்கறாங்க, நான் போகட்டுமா'ன்னு கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்? போடீன்னுதான் சொல்லியிருப்பேன். படமெல்லாம் எடுத்துக்குடுத்து, பஸ் ஸ்டாண்டுல வழி கேக்கற வரைக்கும் சீனத்துல எழுதிக்குடுத்து அனுப்பியிருப்பேன். உனக்குத் தெரியும் அது."

"தெரியும்," என்றாள் மஹதி.

"அப்புறம் ஏன்?"

மஹதி தரையைப் பார்த்துச் சொன்னாள். "கேட்டா நீ போன்னு சொல்லிடுவேன்னு தெரியும். உன் மூஞ்சியைப் பாத்துண்டே போறதுக்கு எனக்குத் தைரியமில்லை."

ரூஹி கதவை நோக்கித் திரும்பினாள்.

"படம் எப்போ வருது?"

"அடுத்த மாசம். சபாவுல மொதல்ல போடறா." மஹதி அவசரமாகச் சேர்த்தாள்: "கடைசியில சிறப்பு நன்றின்னு உன் பேரைப் போடச் சொல்றேன். கண்டிப்பாப் போட வெக்கறேன்."

"என் பேர் வேண்டாம். சீனம் படிச்சேன்னு சொன்னியே, அந்த ஒரு வரியை எடுத்துடு. அது நான் ரெண்டு பஸ் மாறிப் போய்ப் படிச்சது."

"எடிட்டிங் முடிஞ்சாச்சுடி..."

"அப்போ உன் இஷ்டம்."

ரூஹி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வேதாந்தத்தின் குரல் கேட்டது. கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார். "ஏம்மா, எனக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சுன்னா சொன்னே?" மகள் என்ன பதில் சொன்னாள் என்று கேட்க ரூஹி நிற்கவில்லை. படி இறங்கி மாட வீதிக்கு வந்துவிட்டாள்.

அதன் பிறகு மஹதி தினமும் அழைத்தாள். ரூஹி எடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அழைப்புகள் ஒன்றுவிட்டு ஒருநாள் ஆயின, அப்புறம் நின்றன. அம்மியிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அம்மி திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நான் அந்த மனுஷனுக்காக அன்னிக்கி துஆ செஞ்சப்போ உனக்கும் தெரியாதுல்ல?" தெரியாது என்றாள் ரூஹி. அம்மி தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

ஆகஸ்டு மாத ஞாயிறு ஒன்றில் சபாவில் படம் போட்டார்கள். குளத்தைச் சுற்றிய கம்பங்களிலெல்லாம் மஹதி நீலச் சேலையில் நின்றாள். ரூஹி போகவில்லை.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் இருந்தபோது வேதாந்தம் போன் செய்தார்.

"நேத்து போயிருந்தேன்மா. காதைத் தீட்டிண்டு உக்காந்திருந்தேன். சீன பாஷை படிச்சேன்கற வரி இல்லை. எடுத்துட்டா."

"சரி மாமா."

"ஆனா..." அவர் தொண்டையைச் செருமினார். "தனியாப் பாத்தேன், தனியா வந்தேன்கறதெல்லாம் அப்படியே இருக்கு. ஜனங்க கை தட்டினா. எனக்குத் தட்ட வரலை."

ரூஹி கேட்டது கிடைத்துவிட்டது. இப்போது அந்தப் படத்தில், பெயர் மறைந்த வரைபடத்தைத் தவிர, அவளுடையது என்று எதுவுமே இல்லை, பொய்யாகக்கூட. எதிர் மேஜையில் யாரோ காகிதம் கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தாள்.

"அவ நன்னாவே இல்லைம்மா. சாப்பிடறதில்லை, ராத்திரியெல்லாம் முழிச்சுண்டிருக்கா. நான் அவளுக்காகப் பேசலை. சொல்லணும்னு தோணித்து." பிறகு சேர்த்துச் சொன்னார்: "எப்போவாவது ஆத்துக்கு வாயேன். நான் இருக்கற நேரமாப் பாத்து வா. அவ இல்லாத நேரமாத்தான் வரணும்னாலும் சரி."

"வரேன் மாமா."

வரமாட்டாள் என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "உடம்பைப் பாத்துக்கோ" என்று சொல்லி அவரே வைத்துவிட்டார்.

ரூஹி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். மேஜையில் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒருவர் கட்டப்போகிற வீட்டின் மாடிப்படி பாதி வரைந்து கிடந்தது. சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். அளவுகோலை எடுத்து ஒன்பதாவது படியிலிருந்து மறுபடி தொடங்கினாள்.